ஆப்சென்ட்



2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மாதமே சட்டமன்றம் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால், காய்ச்சி விற்றவருக்கு ஆயுள் தண்டனை; 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

சட்டம் சரிதான். ஆனால் என் மனசு வேறொன்றைக் கேட்கிறது. கல்வராயன் மலைப் பள்ளியில் இருந்தபோது, ஊறலுக்கு வெல்லம் சுமக்கப் போன பையனுக்கு 'ஆப்சென்ட்' போட்டதோடு என் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன். ஒருநாளும் அவன் வீட்டுப் படியேறிக் கேட்டதில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போய்ப் பாருங்கள். போலீஸ் போகிற வரை காத்திருக்க வேண்டாம்.