மரை ஏறினால் போதுமா?

1988 வைகாசியில், நிலக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த அத்தையின் திருமணத்தில் முப்பத்தாறு படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பதினொன்று மட்டுமே தேறின. மற்ற இருபத்தைந்தும் வெளிறிப் போயின. படம் எடுத்தவர் என் அப்பா. அதன்பின் 2016-இல் இறக்கும்வரை அவர் காமிராவைத் தொடவில்லை. உறவினர் கூடும் இடங்களில் பெரியப்பா அவரை 'மரை கழண்ட வாத்தியார்' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். மதுரையில் பழைய விலைக்கு ஒரு ஜெனிட்-ஈ வாங்கியிருந்தார். 1965 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக சோவியத் நாட்டில் லட்சக்கணக்கில் உற்பத்தியான காமிரா அது. கழுத்தில் மாட்டினால் அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டது போலிருக்கும். அதனுடன் வந்தது ஹீலியோஸ் 44-2 என்னும் 58 மி.மீ. லென்ஸ். அபெர்ச்சர் எனப்படும் ஒளித்துளையை அதில் கையால்தான் மூட வேண்டும். அகலத் திறந்து குவியம் பார்த்துவிட்டு, வளையத்தைத் திருகித் துளையைச் சுருக்கி, பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். சுருக்கியதும் கண்ணாடிக்குள் தெரியும் காட்சி மங்கிவிடும். அப்பா ஒவ்வொரு படத்துக்கும் இடம், ஒளி, துளை எண், வேகம் ஆகியவற்றை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைப்பார். பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை.

திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு லென்ஸில் பூஞ்சை பிடித்திருப்பது தெரிந்து, துடைத்துத் தரச் சொல்லி மதுரைக்கு அனுப்பினார். குறித்த நாளில் அது வரவில்லை. நண்பர் ஒருவரிடம் கிழக்கு ஜெர்மனியில் செய்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி வந்து திருகினார். எண்ணெய் போட்டதுபோல் ஏறி, கச்சிதமாக நின்றது. 'எவ்வளவு சுருக்கினாலும் வெளிச்சமாகவே தெரிகிறது, அருமையான லென்ஸ்' என்று அம்மாவிடம் சொன்னாராம். அந்த வியப்பில்தான் எல்லாம் அடங்கியிருந்தது என்பதை அவர் கடைசிவரை அறியவில்லை.

முகூர்த்தம் விடியற்காலை வீட்டுக்குள். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த பதினொரு படங்களும் நன்றாக வந்தன. பிறகு வாசலிலும் தெருவிலும் வைகாசி வெயிலில் எடுத்தவை அத்தனையும் போயின. அவற்றுள் ஒன்று, அத்தையும் அப்பத்தாவும் சேர்ந்து நின்றது. அதே ஆண்டு ஐப்பசியில் அப்பத்தா இறந்துபோனார். தன் தாயுடன் மணக்கோலத்தில் நின்ற படம் அத்தைக்கு இல்லாமலே போயிற்று. அத்தை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த வேறு எந்தப் படத்தையும் நின்று பார்த்ததுமில்லை.

காமிரா என்னிடம் வந்து சேர்ந்தபோது ஹீலியோஸின் கண்ணாடி முழுக்கப் பூஞ்சை படர்ந்திருந்தது. 2024 கோடை விடுமுறையில், அதற்கு மாற்று தேடி மதுரையில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போனேன். திருகு லென்ஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். அன்றுதான் பேதங்கள் தெரிந்தன.

முதலில் எடுத்துக் கொடுத்தது 39 மி.மீ. மரை உடையது. காமிராவின் வாய் 42 மி.மீ. ஆகையால் உள்ளே சரிந்துவிட்டது. முந்தைய ஜெனிட்களுக்கு அந்தச் சிறிய மரைதான். இடையில் ஒரு மெல்லிய வளையம் போட்டால் ஏறிக்கொள்ளும். ஆனால் பழைய லைக்காவின் திருகு லென்ஸும் 39 மி.மீ. தான். அது ஃபிலிமிலிருந்து 28.8 மி.மீ. தொலைவில் நிற்கச் செய்யப்பட்டது. ஜெனிட்-ஈயிலோ அந்தத் தொலைவு ஏறக்குறைய 45.5 மி.மீ. வளையம் போட்டு மாட்டினாலும் மூக்கருகில் உள்ள பொருள்தான் தெளிவாகும், எதிர்வீடு தெரியாது. அடுத்து வந்த தொலைநோக்கு லென்ஸ் அளவிலும் 42 மி.மீ. தான். ஒன்றரைச் சுற்றில் இறுகிக்கொண்டது. காமிராவின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும், அந்த லென்ஸின் மரை 0.75 மி.மீ. ஏறும். பலவந்தப்படுத்தினால் இரண்டும் கெடும்.

மூன்றாவது லென்ஸ் சொல்லி வைத்ததுபோல் ஏறியது. 1949-இல் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ் முதல் பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனிட் எனப் பலரும் கையாண்ட 42 மி.மீ. மரை. அதனாலேயே அதைப் பொதுமரை என்பார்கள். வாங்கி வந்து, வீட்டில் காமிராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, சன்னலுக்கு நேரே பிடித்தேன். துளை வளையத்தை 1.8-இலிருந்து 16 வரை திருப்பினேன். துளை அசையவே இல்லை.

கழற்றிப் பார்த்தபோது லென்ஸின் பின்புறம் ஒரு சிறு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினேன். உள்ளிருந்த தகடுகள் சட்டென்று மூடிக்கொண்டன. பின்னாளில் வந்த காமிராக்களில், படமெடுக்கும் கணத்தில் உள்ளிருந்து ஒரு தகடு முன்வந்து அந்தக் குச்சியைத் தள்ளும். ஜெனிட்-ஈயில் அத்தகடு கிடையாது, அதற்குப் பின்வந்த ஜெனிட்-ஈஎம்மில் உண்டு. சில லென்ஸ்களில் கைமுறைக்கு மாற்றும் சிறு விசை இருக்கும். என் கையிலிருந்ததில் இல்லை. அப்பா இரவல் வாங்கியதிலும் இருந்திருக்காது. காமிராவின் ஒளிமானியும் லென்ஸ் வழியாகப் பார்ப்பதன்று. மேலே தனியே இருந்து வெளியொளியை மட்டும் அளப்பது. உள்ளே நடப்பது அதற்கும் தெரியாது.

உடனே அப்பாவின் நோட்டை எடுத்தேன். வீட்டுக்குள் எடுத்த பதினொன்றுக்கும் எஃப் 1.8 என்றே எழுதியிருந்தார். திறந்தே கிடந்த துளைக்கு அது பொருந்தியது, படங்கள் பிழைத்தன. வெயில் படங்களுக்கு எஃப் 16, வேகம் 125. உதகையில் தயாரான அந்த 100 வேக ஃபிலிமுக்கு மிகச் சரியான கணக்கு. ஆனால் துளை 1.8-இலேயே நின்றிருந்தது. 16-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் வருவது 79. வேண்டியதைப்போல் ஏறத்தாழ எண்பது மடங்கு ஒளி ஃபிலிமில் கொட்டியிருக்கிறது.

வகுப்பில் நான் புணர்ச்சி நடத்துகிறவன். மணி என்னும் நிலைமொழியும் அடித்தது என்னும் வருமொழியும் சேரும்போது இடையில் ஒரு யகரம் தோன்றி, மணியடித்தது என்றாகிறது. உடம்படாத இரண்டு உயிர்களை உடம்படுத்துவதால் அதற்கு உடம்படுமெய் என்று பெயர். 39-க்கும் 42-க்கும் நடுவே போடும் வளையம் அதுதான். சேராதவை சேரவில்லை என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் இப்படி ஏதேனும் வழி செய்துகொள்ளலாம். இயல்பாகப் புணர்ந்ததாகத் தோன்றி உள்ளே பொருள் மாறிப்போவதைத்தான் யாராலும் கண்டுகொள்ள முடிவதில்லை. இதில் காமிராவின் குற்றமும் இல்லை, லென்ஸின் குற்றமும் இல்லை. நிச்சயமாக அப்பாவின் குற்றம் இல்லை.

நெகட்டிவ்களை அவர் தூக்கிப் போட்டிருக்கவில்லை. நோட்டின் கடைசி அட்டைக்குள் உறையில் இருந்தன. இருபத்தைந்தும் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன. கறுத்திருந்தால் உள்ளே ஏதோ பதிந்திருக்கிறது என்றுதான் பொருள். என் மாணவர் ஒருவர் பலத்த விளக்கின்மேல் அவற்றை வைத்து, டிஜிட்டல் காமிராவில் நீண்ட நேரம் ஒளி பாய்ச்சிப் பிரதி எடுத்தார். பாதிக்கு மேல் ஒன்றும் தேறவில்லை. பதினெட்டாவதில், மணல் தூவியதுபோன்ற சாம்பல் நிறத்தில், இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருவர் தலையில் பூ. மற்றவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார்.

வத்தலக்குண்டில் இருக்கும் அத்தையிடம் எடுத்துப் போனேன். பெரியப்பா இப்போது இல்லை. அத்தை வெகுநேரம் பார்த்தார். நான் லென்ஸையும் குச்சியையும் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"சின்னண்ணன் இதை ஏன்யா அப்பவே சொல்லல?"

"அவருக்கே தெரியாது அத்தை."

நோட்டைக் கையில் கொடுத்து, அந்த வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "18. அம்மாவும் தங்கச்சியும். வாசல். நல்ல வெயில். எஃப் 16. வேகம் 125."

"எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்காரு?"

"ஆமாம் அத்தை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்."