காயலாங்கடைக்குப் போக இருந்த தாத்தா!

'நாங்க கார் கிளப் மெம்பர்ஸ்'னு சொன்னா, காலேஜ்ல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, 'யார்கிட்டடா கார் இருக்கு?'ங்கிறதுதான். நியாயமான கேள்வி! கிளப்ல மொத்தம் ஒன்பது பேர். வண்டி ரெண்டே ரெண்டு. ஒண்ணு, எங்க சித்தப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கற மாருதி 800. இன்னொண்ணு கார்கூட கிடையாது... எங்க செட்ல இருக்கிற சிறுமலைப் பையனோட அப்பா வெச்சிருக்கிற அரதப் பழசான ஜீப். வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் ஏத்தி ஏத்தித் தேய்ஞ்சுபோன வண்டி. நாங்க வெச்ச பேர் 'தாத்தா'.

அந்தத் தாத்தாவைத் திங்கட்கிழமை காயலாங்கடையில் தள்ளிடறதா அவங்கப்பா முடிவு பண்ணிட்டார். 'ரிப்பேர் செலவுக்குக் கட்டுப்படியாகலை. நீயும் இதைக் கட்டி அழுததுல நாலு அரியர்தான் மிச்சம்'னு மகனுக்கும் சேர்த்து டோஸ். பையன் ரெண்டு நாளா யாரோடயும் பேசலை. சரி, தாத்தாவுக்கு ஒரு கடைசி டிரிப்! எங்கே போறதுன்னு ஓட்டெடுப்பு நடத்தினோம். கொடைக்கானலுக்கு ரெண்டு ஓட்டு. மீதி ஏழும் கோயம்புத்தூர் ஜீடி கார் மியூசியத்துக்கு!

சனிக்கிழமை ராத்திரியே சிறுமலை ஏறி, அவன் வீட்டுலயே தங்கினோம். ஞாயிறு காலை அஞ்சு மணி. பனி மூட்டத்துல எதிர்ல வர்றது மாடா, மனுஷனான்னு தெரியலை. கிட்டப் போனா குதிரை! ஜீப்கூடப் போக முடியாத தோட்டங்கள்ல இருந்து மூட்டை சுமந்து வர்றது இங்கே இன்னிக்கும் குதிரைங்கதான். கிளம்பறப்போ அப்பா சொன்ன ஒரே அட்வைஸ், "ஏறும்போது எந்த கியர்ல ஏறினியோ, அதே கியர்ல இறங்கு. பிரேக்கை நம்பாதே." பதினெட்டு கொண்டை ஊசி வளைவையும் வாய்விட்டு எண்ணிக்கிட்டே இறங்கினோம்.

திண்டுக்கல் தாண்டி ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள தாத்தா புகையைக் கக்க ஆரம்பிச்சுட்டார். பானெட்டைத் தூக்கினா, ஒரே ஆவி. ரேடியேட்டர் மூடியைச் சரியா திருகாம விட்ட புண்ணியவான் வேற யாரு... நானேதான்! பதற்றத்துல மூடியைத் தொடப் போனேன். "சூட்டோட தொறக்காத தம்பி, மூஞ்சி வெந்துரும்"னு டீக்கடை அக்கா அதட்டினாங்க. அரை மணி நேரம் ஆறவிட்டு, அவங்க குடுத்த குடத்துத் தண்ணியை ஊத்தினோம். 'திரும்பிடலாம் மாப்ள'னு நாலு பேர் முணுமுணுத்தாங்க. சிறுமலைக்காரன் மட்டும் ஒண்ணுமே பேசாம ஸ்டீயரிங்ல போய் உட்கார்ந்தான். பழநி, உடுமலை, பொள்ளாச்சி... எல்லாம் தாண்டி, அவிநாசி ரோட்டைத் தொட்டப்போ மணி பதினொண்ணு.

ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்தற மியூசியம் இது. 2015-ல திறந்தாங்க. பளபளன்னு பழைய கார்களை நிறுத்திவெச்சு 'ஆ'ன்னு வாய் பிளக்க வைக்கிற இடம் மட்டும் இல்லை. எந்தக் காலத்துல, யார், என்ன புதுசா யோசிச்சாங்கன்னு காட்டற இடம்.

எங்களை முதல்ல நிறுத்தினது ஒரு மூணு சக்கர வண்டி. கார்ல் பென்ஸ் 1886-ல காப்புரிமை வாங்கின மோட்டார் வண்டியோட மாதிரி. அதைவிட சூப்பர், அவர் மனைவி பெர்தாவோட கதை. 1888 ஆகஸ்ட்ல ஒருநாள், புருஷன்கிட்ட சொல்லாமலே, ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ஸ்ஹைம்ல இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல! பெட்ரோல் பங்க் எல்லாம் ஏது? வழியில மருந்துக் கடையில எரிபொருள் வாங்கினாங்க. குழாய் அடைச்சப்போ தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. இன்ஜின் சூட்டுக்கு ஊருக்கு ஊர் தண்ணி பிடிச்சு ஊத்தினாங்க. மேட்டுல பசங்க இறங்கித் தள்ளினாங்க. அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் மேடு ஏற வண்டிக்கு இன்னொரு கியர் சேர்ந்தது.

"அப்போ ஒட்டன்சத்திரத்துல நாம பட்டது ஒண்ணும் அவமானம் இல்லடா"ன்னான் ஒருத்தன். காலையில 'திரும்பிடலாம்'னு முணுமுணுத்தவனே அவன்தான்!

அடுத்தது ஜி.டி. நாயுடு கதை. 1893-ல கோவை பக்கம் கலங்கல்ல பிறந்தவர். ஸ்கூல் படிப்பு ஏறலை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டின மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டல்ல சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கி ஊர் சுத்தலை. அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் பார்த்தார்! 1920-ல ஒரு பஸ் வாங்கி, தானே டிரைவரா ஓட்டினார். பின்னாடி அது யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியா வளர்ந்தது. இப்போ அவிநாசி ரோட்டுல 2025-ல திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கே அவர் பேர்தான்.

அந்த முதல் பஸ் எந்த ரூட்ல ஓடுச்சு தெரியுமா? பொள்ளாச்சி - பழநி!

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். காலையில நாங்க தாத்தாவை உருட்டிக்கிட்டு வந்த அதே ரூட்! பாட்டுப் போட்டுக்கிட்டு, தூங்கி வழிஞ்சுக்கிட்டு, எதையுமே கவனிக்காம வந்த ரூட். நூறு வருஷத்துக்கு முன்னாடி, அரியர்கூட வைக்க வழியில்லாம ஸ்கூலையே விட்ட ஒருத்தர், ரோடா புழுதியான்னு தெரியாத பாதையில அங்கேதான் பஸ் ஓட்டியிருக்கார். சிறுமலைக்காரன் ரொம்ப நேரம் அங்கேயே நின்னான். 'சாப்பிடப் போலாம் வாடா'ன்னு இழுத்தாதான் வந்தான்.

திரும்பறப்போ பொள்ளாச்சி தாண்டினதும் யாரும் தூங்கலை. பாட்டும் இல்லை. ஜன்னல் வழியா ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தோம். பதினெட்டு வளைவையும் ஏறி வீட்டுக்குப் போனப்போ ராத்திரி பத்து தாண்டிடுச்சு. அப்பா டார்ச்சோட வாசல்ல நின்னார்.

"அப்பா, ஒரு மாசம் டைம் குடுங்க. நானே கழட்டி ரெடி பண்றேன்."

அவர் பதில் சொல்லாம பானெட் மேல கைவெச்சுப் பார்த்தார். ஆவி வரலை. "அரியரு?"

"அதுவும் எழுதறேன்."

"ஒரு மாசம்தான்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா கிளப் மீட்டிங் சிறுமலையிலதான். தார்ப்பாய் விரிச்சு, தாத்தாவோட இன்ஜினைப் பார்ட் பார்ட்டா பரப்பி, ஒவ்வொண்ணுக்கும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு வெச்சிருக்கோம். ஒரு பக்கம் கிரீஸ் கை, இன்னொரு பக்கம் மேத்ஸ் புக். இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி. போன வாரம் பாதி மாட்டிப் பார்த்ததுல மூணு போல்ட் மிச்சம். எங்கே இருந்து வந்ததுன்னு ஒருத்தனுக்கும் தெரியலை.

நாயுடு முதல் தடவை மோட்டார் சைக்கிளைக் கழட்டி மாட்டினப்போ எத்தனை போல்ட் மிச்சமாச்சோ... யார் கண்டா!