தவழ்வனவும் பிள்ளைகளே

தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்களைக் கூறும் நூற்பாக்கள் உண்டு. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களைச் சொல்லிய தொல்காப்பியர், அடுத்த நூற்பாவிலேயே தவழ்பவற்றுக்கும் அவ்விரண்டும் உரியன என்கிறார். ஊர்ந்து செல்லும் ஓணானின் குஞ்சையும் ‘பிள்ளை’ என்று அழைக்க இடந்தந்த மொழி நம் மொழி. வகுப்பறையில் பல்லாண்டுகளாக நாம் நடத்திவரும் இச்செய்தி, கடந்த ஆறு திங்களாக மந்தைவெளியில் உள்ள நம் இல்லத்தில் அன்றாட ஆய்வுப் பொருளாகிவிட்டது. ஒன்பது வயதான நம் இளைய மகள், தனக்கு ஒரு ‘பியர்டெட் டிராகன்’ வேண்டும் என்று கேட்டதே அதற்குக் காரணம்.

தமிழில் அதனைத் தாடி ஓணான் எனலாம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளே அதன் தாயகம். நம் வேலியோரத்து ஓணான் சார்ந்த அகாமிடே என்னும் குடும்பத்தையே அதுவும் சார்ந்தது. ஆகவே அயலான் அல்லன், தொலைவிலுள்ள உறவினன். தொண்டைக்குக் கீழுள்ள முள்போன்ற செதில்களை விரித்துக் கறுக்கச் செய்யும்போது தாடி வைத்தாற்போல் தோன்றும். வளர்ந்தபின் வாலோடு சேர்த்து ஏறத்தாழ 45 முதல் 60 செ.மீ. நீளம் இருக்கும். நன்கு பேணினால் பத்தாண்டுகள் வரை வாழும். ஊர்வனவற்றுள் குழந்தைகளோடு எளிதில் பழகக்கூடியது என்று பல நாடுகளிலும் பெயர் பெற்றது. தோழியின் இல்லத்தில் அதனைக் கண்டு வந்த நாள்முதல் நம் மகளுக்கு வேறு பேச்சில்லை.

பெரியவர்களின் மறுப்பு

முதல் மறுப்பு, குழந்தையின் பாட்டியாரிடமிருந்து வந்தது. “வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துது குடையுதுன்னு அழுவுறதா?” என்று பழமொழியைக் கொண்டே வழக்கை முடிக்கப் பார்த்தார். அதோடு நில்லாமல், பல்லியைக் கொல்வது பற்றி ஹதீஸ் நூல்களில் வரும் செய்தியையும் நினைவூட்டினார். இம்மறுப்பைப் புறந்தள்ள நமக்கு மனமில்லை. தாகத்தால் தவித்த பெரியவர்களுக்கு அணில் இளநீர் தந்தது என்றும், ஓணான் அசுத்தத்தைத் தந்தது என்றும் சொல்லும் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. சமயத்திற்கேற்பக் கதைமாந்தரின் பெயர் மாறுமேயன்றி, ஓணானுக்குக் கிடைத்த தண்டனை மாறவில்லை. தென்னை ஈர்க்கில் சுருக்கிட்டு அதனைப் பிடித்துக் கல்லால் அடித்த சிறுவர்கள் எல்லாத் தெருக்களிலும் இருந்தனர்.

எனவே, நம் மார்க்கமும் நம் இலக்கியமும் இதுகுறித்து வேறு என்ன கூறுகின்றன என்று அத்தாயாரோடு அமர்ந்து பேசினோம். அனஸ் (ரலி) அவர்களின் இளவலான அபூ உமைர் என்னும் சிறுவர் சிறு பறவையொன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்தபோது வாடியிருந்த அச்சிறுவரிடம், அப்பறவைக்கு என்ன நேர்ந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரிவோடு வினவினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபது பயன்களை எடுத்து இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ அறிஞர் தனி நூலே எழுதினார். குழந்தை ஓர் உயிரை வைத்து வளர்ப்பதற்கு இடமுண்டு என்பது அப்பயன்களுள் ஒன்று.

அதே புகாரியில் மற்றொரு செய்தியும் உண்டு. பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவிடாமல், அது மண்ணிலுள்ள சிற்றுயிர்களைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவள் ஆனாள் என்பதே அது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வளர்ப்பின் இலக்கணம் முழுவதும் விளங்கிவிடும். வளர்க்கலாம், ஆனால் அடைத்து வைத்த கணமே அதன் உணவும் நீரும் வெப்பமும் நிழலும் நம் பொறுப்பாகின்றன. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘உடும்பு பேசிய படலம்’ என்றொரு படலம் இருப்பதை இத்துறை மாணவர் நன்கறிவர். வேட்டையாடிப் பிடித்த உடும்பைக் கொணர்ந்து, இது உம்மை ஏற்றால் நானும் ஏற்பேன் என்று அறைகூவியவன் முன்னே, அவ்வுடும்பே வாய் திறந்து நபித்துவத்திற்குச் சான்று பகர்ந்த வரலாற்றைப் புலவர் பாடுகிறார். அரபியர் ‘ளப்’ என்றழைத்த பாலைநிலத்து உயிரே இங்கு உடும்பாகத் தமிழ்க்கோலம் பூண்டது. அந்த ‘ளப்’பும் ஓணான் குடும்பத்தையே சார்ந்தது என்பது விலங்கியலார் கூறும் செய்தி. இதைக் கேட்டபின் பாட்டியார், “சாட்சி சொன்ன சாதியா? அப்ப பட்டினி போட்டுடாதீங்க” என்று மட்டும் சொன்னார். அதனை இசைவாகவே கொண்டோம்.

இல்லத்தை ஆயத்தம் செய்தல்

உயிரைக் கொணர்வதற்கு முன் அதற்குரிய நிலத்தைக் கொணர வேண்டும். முதல், கரு, உரி என்று திணையைப் பகுத்த தமிழர்க்கு இது புதிதன்று. பாலைக்குரிய கருப்பொருளை நெய்தல் நிலமாகிய சென்னையில் வைக்க முனையும்போது, முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் நாமே அமைத்துத் தர வேண்டியிருக்கிறது.

வளர்ந்த ஓர் ஓணானுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள பெட்டி வேண்டும். குஞ்சு சிறியதாயிற்றே என்று சிறு தொட்டி வாங்குவோர் சில திங்களிலேயே மீண்டும் செலவிட நேரும். பெட்டியின் ஒரு முனையில் வெயில் காய்வதற்கு 40 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் தரும் விளக்கு. மறுமுனையில் 25 முதல் 28 டிகிரி அளவில் குளிர்ச்சி. ஊர்வனவற்றின் உடல் தானே வெப்பத்தை ஆக்கிக்கொள்வதில்லை. வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்ந்தே அது தன்னைச் சீராக்கிக்கொள்ளும். நகர்ந்து செல்ல நிழல் இல்லாத பெட்டி அதற்கு அடுப்பாகிவிடும்.

அடுத்தது புறஊதா ஒளி. ‘யு.வி.பி.’ என்னும் கதிர் பட்டால்தான் அதன் உடலில் டி3 ஊட்டச்சத்து உண்டாகும். அச்சத்து இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேரும். அக்கதிர் இன்றி வளரும் குஞ்சுக்குத் தாடை மென்மையாகி, கால்கள் வளைந்து, எழ இயலாத நோய் வரும். சன்னலோரம் வைத்தால் போதாதா என்று நம்மைக் கேட்டோர் பலர். கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும் என்பதால் போதாது. தனி விளக்கு வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிரின் வலிமை குறைந்துவிடுமாதலால் ஆறு முதல் பன்னிரண்டு திங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

சென்னைக்கே உரிய இடர் ஈரப்பதம். தாடி ஓணானுக்கு ஏற்றது 30 முதல் 40 விழுக்காடு; கடற்கரைக்கு அண்மையிலுள்ள மந்தைவெளியிலோ அதனைவிட மிகுதி. ஆதலால் காற்று புகுந்து வெளியேறும் வலைக்கூரை இன்றியமையாதது. மற்றோர் இடர் மின்தடை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருந்தன. அந்நாட்களில் என்ன செய்வது என்பதற்கும் இப்போதே விடை வேண்டும். நம் ஊரின் இயல்பான வெம்மையில் சில நாள் விளக்கின்றிக் கழிக்கலாம். ஆனால் வெப்பம் குறைந்தால் செரிமானமும் குறையுமாதலால் அந்நாட்களில் உணவைக் குறைக்க வேண்டும் என்று அறிந்துகொண்டோம்.

உணவில் குஞ்சுப் பருவத்தில் பூச்சியே பெரும்பகுதி. வளர்ந்தபின் கீரையும் காயுமே பெரும்பகுதி. பூச்சி அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருத்தலாகாது. சுண்ணாம்புத்தூள் தூவித் தரப்பட வேண்டும். தெருவில் பிடித்தவற்றில் பூச்சிமருந்து கலந்திருக்கலாமாதலால், உணவிற்கென வளர்க்கப்பட்டவற்றையே தருதல் நலம். பசலைக்கீரை சுண்ணாம்புச்சத்தைக் கட்டிவிடுமாதலால் அன்றாடம் ஆகாது. தரையில் மணல் பரப்புவது அழகாகத் தோன்றும். குஞ்சு அதனை விழுங்கினால் குடல் அடைபடும். காகிதமே போதுமானது.

தூய்மை குறித்தும் ஒரு சொல். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே இருக்கக்கூடும்; அவற்றுக்கு அது தீங்கு செய்யாவிடினும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளையும் முதியோரையும் வருத்தக்கூடும். நம் இல்லத்தில் முதியவர் இருக்கிறார். எனவே தொட்டபின் ஒவ்வொரு முறையும் சவுக்காரமிட்டுக் கை கழுவுதல், சமையற்கட்டிலும் ஒளுச் செய்யும் இடத்திலும் அதன் பாத்திரங்களைக் கழுவாமை, முத்தமிடாமை ஆகிய மூன்றும் வீட்டுச் சட்டங்களாகச் சுவரில் எழுதி ஒட்டப்பட்டன. எழுதியவர் மகள், இரு பிழைகளைத் திருத்தியவர் பாட்டியார்.

எங்கிருந்து வருகிறது?

ஆயத்தங்களுள் கடினமானது இதுவே. ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வாணிகத்திற்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. இன்று பிற நாடுகளில் விற்கப்படுபவை கூண்டில் பிறந்த தலைமுறைகளே. ஆயினும் அவை நம் ஊருக்கு வரும் வழி எப்போதும் நேர்வழியாக இருப்பதில்லை. பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பாம்பும் ஆமையும் ஓந்தியும் திணிக்கப்பட்டிருந்ததைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பலமுறை கண்டெடுத்துள்ளனர்.

நம் நாட்டு உடும்பையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்திற்கு 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ‘சைட்டீஸ்’ என்னும் உலக உடன்படிக்கையின் பட்டியல்களைத் தழுவிய அட்டவணையில் இடம்பெற்ற வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வாங்க விழையும் உயிர் அவ்வட்டவணையில் உள்ளதா என்பதை வனத்துறையிடம் கேட்டறிவதும், அது எங்கே பிறந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதற்கான தாளைக் கடைக்காரரிடம் கேட்டுப் பெறுவதும் நம் கடமை.

நாம் சென்ற ஒரு கடையில் அத்தாளைக் கேட்டோம். “எல்லாரும் இப்படியே வாங்கிட்டுப் போறாங்க சார்” என்பதே விடையாகக் கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னிருந்த குஞ்சு ஒரு முன்காலைத் தூக்கி மெல்ல அசைத்தது. மகள் அதனை வணக்கம் என்று எண்ணி மகிழ்ந்தாள். உண்மையில் அச்செய்கை, ‘நான் சிறியவன், என்னோடு போரிடாதே’ என்று தன்னினும் பெரியதற்குத் தெரிவிக்கும் பணிவு என்பர். தாளில்லை என்பதால் வாங்காமல் திரும்பினோம். பேருந்தில் மகள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஹலாலான உணவைத் தேடி உண்ணும் நாம், வீட்டிற்குள் கொணரும் உயிர் வந்த வழியும் நேரானதா என்று கேட்க வேண்டும் என்பதை அவளுக்கு விளக்கினோம். அன்று ஏற்கவில்லை, மறுநாள் ஏற்றாள்.

கற்றலே முதற்படி

காத்திருக்கும் காலத்தை வீணாக்கவில்லை. கிண்டிப் பாம்புப் பண்ணைக்கும், 1976 இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் இயங்கும் முதலைப் பண்ணைக்கும் அழைத்துச் சென்றோம். முதலைப் பண்ணையை ராமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து உருவாக்கிய ஸாய் விட்டேக்கர், பறவையியல் மேதை சாலிம் அலியின் உறவு வழியில் வந்தவர். சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன பறவை என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கேட்கச் சென்றதே சாலிம் அலியின் வாழ்வை மாற்றியது. கொன்ற கையையே காக்கும் கையாக்கியது ஒரு கேள்வி.

அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 2011 இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா நம் பகுதிக்கு அண்மையில் உள்ளது. அப்பகுதி மதில்களில் நம் ஊர் ஓணான்களைக் காண்பது எளிது. ஆண் ஓணான் தலையை உயர்த்தித் தாழ்த்தித் தன் எல்லையை உரைப்பதையும், இனப்பெருக்கக் காலத்தில் அதன் தொண்டை சிவப்பதையும் மகள் குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். குறுந்தொகையின் 140 ஆம் பாடலில் ஓந்தியின் முதுகைக் கருக்கரிவாளுக்கு ஒப்பிட்டிருப்பதைச் சொன்னபோது, “அவங்களும் கிட்டப் போய்ப் பாத்திருக்காங்க அத்தா” என்றாள். சங்கப்புலவர்க்கு இதனினும் சிறந்த திறனாய்வை நாம் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை.

அவளே பிறிதொரு நாள் கேட்டாள்: “அது பத்து வருஷம் இருக்கும்னா அப்ப நான் காலேஜ்ல இருப்பேன். யாரு அதுக்குக் கீரை நறுக்குவாங்க?” இவ்வினாவே ஆயத்தத்தின் முடிமணி. குழந்தைக்கென வாங்கப்படும் உயிரைப் பெரும்பாலும் பேணுபவர் பெற்றோரே. காசளவில் வாங்கிய செங்காது ஆமை தட்டளவில் வளர்ந்ததும் குளத்தில் விட்டுவிடுவோர் பெருகியது, இவ்வினாவை முன்னரே கேளாததால்தான். நாம் நறுக்குவோம் என்று வாக்களித்தோம். வாக்களித்தல் எளிதன்று, அதனைப் பற்றி மறுமையிலும் கேட்கப்படுவோம்.

பெட்டி இப்போது கூடத்தில் இருக்கிறது. விளக்கு எரிகிறது, காலையும் மாலையும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து மகள் எழுதுகிறாள். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்யும் கால்நடை மருத்துவர் ஒருவரையும் கண்டுவைத்தோம். முறையான தாளோடு கிடைத்தால் உயிர் வரும், கிடைக்காவிடில் வராது. வராவிடினும் இவ்வாறு திங்கள் வீண் என்று எவரும் சொல்லவியலாது.

அன்பிற்குரிய மாணாக்கரே, உங்கள் தம்பி தங்கையரோ, நாளை உங்கள் குழந்தைகளோ ஓர் உயிரை வேண்டி நிற்பர். உடனே ‘கூடாது’ என்னாதீர். உடனே வாங்கியும் தராதீர். அதன் நிலம் எது, உணவு எது, ஆயுள் எத்தனை, வந்த வழி எது என்று அவர்களோடு அமர்ந்து கேளுங்கள். மண்ணில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38 ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. தவழ்வனவற்றையும் பிள்ளை என்றது தமிழ். மார்க்கமும் மொழியும் ஒருசேரக் காட்டும் இவ்வழியில் நம் பிள்ளைகளை நடத்த வல்ல இறைவன் அருள்வானாக!