ஸ்டார் எங்கே?

ரிச்சி தெருவில் அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு. மூன்று கடைகளின் கேபிள் கட்டுகள் அதன்மேல் தொங்குவதால் யாரும் படித்ததில்லை. மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் அது. தலை இடிக்கும் பக்கம் மேசை, இடிக்காத பக்கம் வாடிக்கையாளர். வந்தவர் உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். என் மடிக்கணினிக்கான கீபோர்டு நரசிங்கபுரம் தெருவிலிருந்து வரவேண்டியிருந்ததால் அன்று அது என் வசம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனா இல்லை, டெஸ்டர். கழுத்தில் நீல நாடாவில் ஒரு பென்டிரைவ். யார் என்ன கேட்டு வந்தாலும் முதலில் கையை நீட்டுகிறார். பென்டிரைவை வாங்கியதும் செருகுவதில்லை. மூடியைக் கழற்றி, வாய்க்குள் இருக்கும் நாக்கின் நிறத்தைப் பார்க்கிறார். நீலம் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3, ஒன்றும் சொல்வதில்லை. கறுப்பு என்றால், "ஒரு டீ சாப்ட்டு வாங்க சார், லேட்டாவும்." நிறுவுவதற்கான விண்டோஸ் 11 இமேஜ் (ஐஎஸ்ஓ) ஒன்று ஐந்து ஜிபிக்கு மேல். வினாடிக்கு ஏழெட்டு எம்பி மட்டும் எழுதும் பென்டிரைவில் அது ஏறி முடிய பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். டீக்கடைக்காரர் இவருக்குக் கமிஷன் தரவேண்டும்.

கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். தோள்பையை நெஞ்சுப் பக்கம் மாட்டியிருந்தான்.

"அண்ணா, ஐஎஸ்ஓ நானே டவுன்லோட் பண்ணி இதுல போட்டேன். எஃப் 12 அடிச்சா பூட் ஆவ மாட்டுது."

செருகினார். திரையில் ஒரே ஒரு கோப்பு.

"போட்டேன்னா?"

"காப்பி பேஸ்ட்ணா."

"நாலு ஜிபிக்கு மேல ஏறிருக்காதே?"

"ஆமாண்ணா, ஃபைல் பெருசுன்னு சொல்லுச்சு. எக்ஸ்ஃபேட் ஆக்கிட்டு போட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் லேசாக வந்தது. "கட்டிலைப் பார்சலோட எறக்கி வச்சிருக்கப்பா. பிரிச்சு மாட்டுனாத்தான படுக்க முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இமேஜைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் நிரலைத் திறந்தார்.

அவர் விளக்காமல் விட்டதைக் கொஞ்சம் நிரப்பலாம். மின்சாரம் வந்த நொடியில் கணினிக்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் தெரியாது. தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சின்ன நிரல் ஒன்றுதான் விழித்திருக்கிறது. அது குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட ஒன்றைத் தேடும். பழைய பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்துப் படிக்கும். அதில் 446 பைட் நிரல், 64 பைட் பாகப்பிரிவினைப் பட்டியல், கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்ற அடையாளம். அந்த இரண்டும் இல்லையென்றால் வட்டில் எவ்வளவு இருந்தாலும் தாண்டிப் போய்விடும். இப்போதைய யூஈஎஃப்ஐ சற்றுப் படித்தது. ஃபேட் பாகத்துக்குள் போய் ஈஎஃப்ஐ, அதற்குள் பூட், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பைத் தேடும். பையனுடைய பென்டிரைவில் அந்தக் கோப்பு இருக்கத்தான் செய்தது, ஐஎஸ்ஓவின் வயிற்றுக்குள். வாசலில் நின்று கூப்பிடுகிறவனுக்கு அது கேட்காது.

இன்னொரு முடிச்சும் உண்டு. யூஈஎஃப்ஐ நிச்சயமாகப் படிக்கும் ஃபேட்32-வில் நாலு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. விண்டோஸ் இமேஜுக்குள் இருக்கும் இன்ஸ்டால் விம் என்ற கோப்போ அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ரூஃபஸ் அதற்குக் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தமானது. பெரிய கோப்புகளை என்டிஎஃப்எஸ் பாகத்தில் வைத்துவிட்டு, பென்டிரைவின் கடைசியில் துளியூண்டு ஃபேட் பாகம் ஒன்றை ஒதுக்குகிறது. அதில் இருக்கும் குட்டி நிரல் எழுந்து, யூஈஎஃப்ஐக்கு என்டிஎஃப்எஸ் படிக்கச் சொல்லிக்கொடுத்து, உள்ளே அழைத்துப் போகிறது. பீட் பட்டார் என்பவர் 2011-ல் வெளியிட்டது ரூஃபஸ். ஓரிரண்டு எம்பிதான், காசு கிடையாது, நிறுவவும் வேண்டாம். ரிச்சி தெருவில் பாதிப் பிழைப்பு அதன்மேல் ஓடுகிறது.

பையன் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, அதுல என்னா இருக்கு?"

"எல்லாம் இருக்கு. ஏழு, பத்து, பதினொண்ணு, மின்ட், குளோன்சில்லா, மெம்டெஸ்ட்."

"எல்லாமே ஒரே பென்டிரைவ்லயா? எப்படிப் போட்டீங்க?"

ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்னார்: "காப்பி பேஸ்ட்."

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் சொன்னது உண்மைதான். அது வென்டாய் போட்ட பென்டிரைவ். 2020-ல் வந்த அந்த நிரலை ஒருமுறை எழுதிவிட்டால் 32 எம்பியில் தனக்கென்று ஒரு சிறு பாகத்தை அது எடுத்துக்கொள்ளும், மீதி முழுக்க நமக்கு. அதில் ஐஎஸ்ஓக்களைப் பார்சலோடு இறக்கிவிடலாம். பூட் ஆகும்போது பட்டியல் காட்டி, கேட்டதை அதுவே பிரித்துக்கொடுக்கும். "மொத தடவ மட்டும் எழுதணும். அப்புறம் நீ செஞ்சதுதான் கரெக்ட்டு" என்று பையனைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். போகும்போது அவன் நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

கடையில் உதவிக்கு ஒரு பையன் உண்டு, இருபத்து மூன்று இருக்கும். அரசுப் பள்ளியில் படித்தபோது கிடைத்த மடிக்கணினிதான் அவனுக்குப் பள்ளிக்கூடம் என்று, யாரோ கேட்டதற்குச் சொல்லிக்கொண்டிருந்தான். 2011-ல் தொடங்கிய திட்டம் அது. அதில் வந்த பல கருவிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இவன் ஒன்றை அழித்து இன்னொன்றைப் போட்டு, பிறகு இரண்டையும் அழித்து, வீட்டில் அடி வாங்கி, இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தவன். விரல் வேகம். அந்த வேகத்தில்தான் அண்ணனுக்குப் பயம் என்று போகப்போகத் தெரிந்தது.

டெலிகிராமில் கிடைத்த 'லைட்' விண்டோஸ் ஒன்றை எழுதித் தரச் சொல்லி ஒருவர் வந்தார். முடியாது என்று அண்ணன் திருப்பி அனுப்பினார். "யாரு சமைச்சதுன்னு தெரியாது சார். நாளைக்கு ஜிபேல காசு போச்சுன்னு எங்கிட்ட வந்து நிப்பீங்க." மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கியதையே அவர் சும்மா நம்புவதில்லை. கறுப்புத் திரையில் ஷா-256 எண்ணை வரவழைத்து, தளத்தில் இருப்பதோடு தலையில் நாலு எழுத்தும் வாலில் நாலு எழுத்தும் ஒத்துப்பார்க்கிறார். அதிகப்படியான ஜாக்கிரதை என்று நினைப்பவர்களுக்கு 2016 பிப்ரவரியை நினைவூட்டலாம். லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் பதிவிறக்கச் சுட்டியை மாற்றி, கள்ளக்கதவு வைத்த இமேஜைக் கொடுத்துவிட்டார்கள். 

உச்சிவெயிலில் ஒரு அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினார். போர்வையில் சுற்றிய சிபியுவை ஆட்டோக்காரர் தூக்கி வந்தார். ராயப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"தம்பி, பத்து இனிமே கெடையாதாமே. பதினொண்ணு போட்டுக் குடுத்துடு."

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் வரும் கூட்டத்தில் பாதி இந்த வாக்கியத்தோடுதான் வருகிறது. அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். நாலாம் தலைமுறை ஐ5. பதினொன்று கேட்கும் டிபிஎம் 2.0 அதில் கிடையாது. இருந்தாலும் போடலாம். ரூஃபஸில் ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வந்து, டிபிஎம், செக்யூர் பூட், நாலு ஜிபி ரேம் ஆகிய நிபந்தனைகளைத் தூக்கிவிடட்டுமா என்று கேட்கும். ஒரு டிக் அடித்தால் போதும். தெருவில் பலர் அந்த டிக்கை அடித்து, காசை வாங்கி, ஆட்டோவையும் பிடித்துக் கொடுத்திருப்பார்கள்.

இவர், "டாங்கிள் கொண்டாந்தீங்களாக்கா?" என்று கேட்டார்.

அந்த அம்மா பர்ஸுக்குள்ளிருந்து எடுத்தார். தமிழ் எழுத்துரு மென்பொருளின் பூட்டு அது. கடை முழுக்க அதை நம்பித்தான். பதினெட்டு வருடப் பத்திரிகைகள் அந்த எழுத்துருவில் கிடக்கின்றன.

"இது பதினொண்ணுல ஓடுமான்னு எனக்கு உறுதியா தெரியலக்கா. ஓடலைன்னா முகூர்த்த சீசன்ல நீங்க கையைக் கட்டிக்கினு நிக்கணும். 2026 அக்டோபர் வரைக்கும் பத்துக்கு செக்யூரிட்டி அப்டேட் நீட்டிக்க வழி குடுத்திருக்காங்க. அதைப் பதிஞ்சு விடறேன். இப்ப வேற ஒரு வேலை பண்ணலாம்."

கழுத்து நாடாவைக் கழற்றினார். அந்தப் பென்டிரைவில் பூட் செய்து, குளோன்சில்லாவைத் திறந்து, அந்த அம்மாவின் வட்டு முழுவதையும் ஒரே இமேஜாகத் தன் வெளிவட்டு ஒன்றில் எடுக்க விட்டார். எல்லோரும் இமேஜிலிருந்து கணினிக்கு ஏற்றச் சொல்லி வரும் கடையில் அன்று ஒரு கணினி இமேஜுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. "அப்ப பதினொண்ணு போடலியா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே குரலில் இவர் பதில் சொன்னார். கிடைக்கவேண்டிய கூலியில் பாதிதான் கிடைத்திருக்கும்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர். "32 ஜிபி பென்டிரைவ் சார், லினக்ஸ் எழுதினதுலேர்ந்து நாலு எம்பின்னு காட்டுது. டூப்ளிகேட் குடுத்துட்டான்."

டூப்ளிகேட் பென்டிரைவுக்கு இந்தத் தெருவில் பஞ்சமில்லைதான், ஆனால் இது அது இல்லை. லினக்ஸ் இமேஜைப் பைட்டுக்குப் பைட் அப்படியே எழுதினால் பென்டிரைவின் பாகப்பிரிவினையே மாறிப்போகும். அதில் ஒரு துண்டை மட்டும் விண்டோஸ் அடையாளம் கண்டு, மற்றதை இல்லை என்று சாதிக்கும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் நிரலில் ஒரு வார்த்தை அடித்து, பிறகு புதிதாய்ப் பாகம் பிரித்து ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். அந்த வார்த்தை 'கிளீன்'. 'நிச்சயமா?' என்று ஒரு தடவைகூடக் கேட்காத கட்டளை.

உதவிப் பையன் கீபோர்டு முன் உட்கார்ந்தான். அண்ணன் அந்த அம்மாவின் சிபியு மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரைக்கு முதுகு. பையன் பட்டியலை வரவழைத்தான். டிஸ்க் 0, 476 ஜிபி, கடையின் கணினி. டிஸ்க் 1, 931 ஜிபி, யாரோ விட்டுப்போன வெளிவட்டு. டிஸ்க் 2, 29 ஜிபி. 'செலக்ட் டிஸ்க்' என்று தட்டி, எண்ணையும் அடித்து, என்டர் தட்டினான். அடுத்து 'க்ளீ' வரை வந்திருப்பான்.

"ஸ்டார் எங்கே?"

முதுகிலிருந்து வந்தது குரல். பையன் கை நின்றது. அடித்ததை அழித்துவிட்டு மறுபடி பட்டியலைக் கேட்டான். தேர்ந்தெடுத்த வட்டின் பக்கத்தில் அந்த நிரல் ஒரு நட்சத்திரக் குறி போடும். அது டிஸ்க் 1-ன் பக்கத்தில் இருந்தது.

"ஒண்ணுலண்ணா."

"ஒண்ணு என்னா?"

"தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. திட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பையன் காது மடல் மட்டும் சிவந்திருந்தது. எண்ணை மாற்றி, பட்டியலை மறுபடி வரவழைத்து, நட்சத்திரத்தின் மேல் விரல் வைத்து, "இருபத்தொம்போது" என்று வாய்விட்டுச் சொல்லி, அதன்பிறகு அடித்தான். உண்மையில் 'கிளீன்' அழிப்பது பாகங்களின் பட்டியலைத்தான், உள்ளே இருப்பதெல்லாம் மேலே வேறு எழுதாதவரை மீட்கக் கூடியதே. அதைத் தெரிந்தவர்தான் அவர். தெரிந்தும் கேட்கிறார்.

கடைசியாக வந்தவர் அலுவலகப் பையோடு வந்தார். விண்டோஸ் 11 பூட்டபிள் வேண்டும். கூலி முந்நூறு என்றதும் குரல் உயர்ந்தது.

"ஒரு பட்டன் அமுத்துறதுக்கு முந்நூறாப்பா? யூடியூப்ல பாத்துட்டுத்தான் வந்தேன். ஸ்டார்ட்டுன்னு ஒரு பட்டன். அவ்ளோதான்."

அவர் பதில் சொல்லவில்லை. பென்டிரைவைச் செருகி, இமேஜைக் காட்டி, ஸ்டார்ட்டையும் தானே அழுத்தினார். எச்சரிக்கைப் பெட்டி வந்தது, இந்தச் சாதனத்தில் உள்ள எல்லாமும் அழியும் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். மானிட்டரை அந்தப் பக்கம் திருப்பி, மவுஸையும் தள்ளி வைத்தார்.

"ஓகே மட்டும் நீங்க அமுத்துங்க சார்."

வந்தவர் மவுஸைப் பிடித்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"எல்லாம்னா... இதுல வாடகை அக்ரிமென்ட் ஸ்கேன் ஒண்ணு இருக்குமே?"

"இருக்குமா இருக்காதா, நீங்கதான் சொல்லணும்."

"இரு இரு, அமுத்தாத!"

"மவுஸ் உங்க கையில இருக்கு சார்."

கேன்சல் ஆயிற்று. உள்ளே பார்த்தால் அக்ரிமென்ட் மட்டும் இல்லை, மகளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மாமனாரின் ஆஞ்சியோ ரிப்போர்ட், 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் ஒரு கல்யாணம். உதவிப் பையன் எல்லாவற்றையும் கடைக் கணினிக்கு மாற்றி, எண்ணிக்கை ஒத்துப்பார்த்து, கையிருப்பில் இருந்த இன்னொரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதுக்குத் தனியா நானூறு சார்."

"முந்நூறும் நானூறும் எழுநூறா? அறுநூறா வச்சுக்கோப்பா."

"அறுநூத்தம்பது."

"அறுநூறு. மார்க் ஷீட்டு ஒரு பிரிண்ட்டும் குடு."

"பிரிண்ட்டு இங்க இல்ல சார். அக்கா, உங்க கடையில எடுக்கலாமா?"

ராயப்பேட்டை அம்மா ஸ்டூலில் இருந்தபடி பக்கத்துக்கு எவ்வளவு என்று சொல்லத் தொடங்கினார்.