வாய்க்காலையும் பாருங்க

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணாச்சி, அருவிப் பக்கம் ரெண்டு ஏக்கர் கிடைக்குமா?" நில ஆலோசனைதான் என் தொழில்.

குற்றாலம் இருக்கும் தென்காசி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019இல். பழைய பத்திரத்தில் திருநெல்வேலி என்றிருந்தால் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது சிற்றாற்றுப் பாசன நஞ்சையை பிளாட் போடுவதற்கு.

சமீபத்தில் ஒரு பெரியவர் வயலை விற்க வந்தார். பட்டா சரி, வில்லங்கச் சான்றும் சுத்தம். புலப்படத்தில் வயலுக்குக் குறுக்கே வாய்க்கால் ஓடுகிறது. போய்ப் பார்த்தால் அதன்மேல் மண் கொட்டி, கல்லுக்கால் நட்டு, கம்பிவேலி. கீழ்வயல்களுக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வாய்க்காலைத் திறந்துவிடுங்கள், விலை பிறகு பேசலாம் என்றேன்.

விற்பவர்களும் வாங்குபவர்களும் பத்திரம் எழுதுமுன் புலப்படத்தோடு வரப்பில் ஒருமுறை நடந்து பாருங்கள்.