விழித்திருந்தவர்களின் உறக்கம்

அரபு மொழியில் உறக்கமின்மைக்கு ‘அரக்’ என்று பெயர். வியர்வைக்கும், துளித்துளியாக வடித்தெடுக்கும் சாராயத்துக்கும் ‘அரக்’ என்றே பெயர். முன்னது ஹம்ஸாவில் தொடங்கும். பின்னது ஐனில் தொடங்கும். பயிலும் சிறுவர்க்கு இவ்வேறுபாட்டை நாம் தொண்டையைத் தொட்டுக் காட்டி உணர்த்துவோம். தமிழில் எழுதிவிட்டாலோ இரண்டும் ஒன்றாகிவிடும். படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியோர் சிலரின் வாழ்விலும் இவை இரண்டும் இப்படித்தான் ஒன்றாகிப் போயின. இரவில் கண் மூடவில்லை என்றால் கேன்டீன் புட்டிதான் மருந்து என்று அவர்கள் எண்ணினர். மது கண்ணை மூடச் செய்வது உண்மையே. ஆயினும் பின்னிரவில் அதுவே உறக்கத்தைத் துண்டாடும். தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சையும் அடைக்கும்.

நிலக்கோட்டையில் மல்லிகை பறிப்போர் இருள் பிரியுமுன் எழுந்துவிடுவர். ஸுப்ஹுத் தொழுகைக்குச் செல்லும் நமக்கு அவர்கள் எதிர்ப்படுவது வழக்கம். அவர்களுக்கும் முன்பாக, நம் தெருவில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருப்பார். பட்டாளத்துப் பழக்கம் என்று தெருவினர் அதனைப் பாராட்டினர். அவர் படுக்கவே அஞ்சினார் என்பதை அறிந்தவர் அவருடைய மனைவியார் ஒருவரே.

1987-இல் இந்திய அமைதி காக்கும் படையுடன் யாழ்ப்பாணம் சென்றவர் அவர். அப்படை 1990 மார்ச்சில் முற்றாகத் திரும்பிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே மாண்டனர். அந்நாட்டுத் தமிழ் மக்கள் பட்ட துயரமோ பெரிது. “வேற பாஷையில அழுதிருந்தா மறந்திருப்பேனோ என்னவோ ஹஜ்ரத், தமிழ்லல்ல அழுதாங்க!” என்று ஒரு நாள் நம்மிடம் கூறினார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாமும் வினவவில்லை.

படைவீரரின் உறக்கத்துக்கு முதல் மருத்துவர் யார் என்று கேட்டால், அந்த அம்மையாரையே நாம் காட்டுவோம். கனவில் அலறும் கணவரைத் தோள் தொட்டு எழுப்பலாகாது என்பதை அவர் எந்த நூலிலும் படித்தவரல்லர். கால்மாட்டில் தள்ளி நின்று, விளக்கை ஏற்றி, மகன் பெயரைச் சொல்லி, “அவன் அப்பா, இது நம்ம வீடு” என்பார். இவ்வாறு எத்தனை ஆண்டுகள் என்று அவர் எண்ணியதில்லை.

முன்னாள் படைவீரர்க்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கிற்று. அத்திட்டத்தின் மருத்துவமனைக்கு நம் ஹவில்தார் சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் சென்று வந்தார். ஒரு முறை புதிதாக வந்திருந்த மருத்துவர், மருந்துச் சீட்டை எழுதி முடித்த பின், “இரவில் எப்படி உறங்குகிறீர்கள்?” என்று வினவினார். எவரும் கேட்டிராத அந்த ஒரு வினாவால், மதுரையில் நித்திரைச் சோதனைக்கு வழி பிறந்தது.

துணைக்கு நாமும் சென்றோம். தலையிலும் கண்ணோரத்திலும் மோவாயிலும் மெல்லிய கம்பிகள். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். விரலில் பிராணவாயுவை அளக்கும் கவ்வி. அடுத்த அறையில் ஓர் இளைஞர் விடியும்வரை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நாடு உறங்குவதற்காக எல்லையில் விழித்திருந்தவர் உறங்குகிறாரா என்று பார்க்க, இன்னொருவர் விழித்திருந்தார்! புண்பட்ட வீரரைக் காண நள்ளிரவில் பாசறையில் உலவிய பாண்டியனை நெடுநல்வாடை நமக்குக் காட்டுகிறது. அந்த அரசப் பணியை அன்று ஒரு மாதச் சம்பளக்காரர் செய்யக் கண்டோம்.

மணிக்கு முப்பது முறைக்கு மேல் மூச்சு அடைபட்டால் அது கடுமையான நோய் என்பர். ஹவில்தாருக்கு அதற்கும் மேலிருந்தது. காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் கருவியை, ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் உலகுக்கு அறிவித்தார். ஆனால் போர் நினைவு உடையவர்க்கு முகமூடி எளிதன்று. யாரோ வாயைப் பொத்துவதாகவே தோன்றும். அந்த இளைஞர் அவசரப்படுத்தவில்லை. பகலில் கையில் வைத்துப் பழகுங்கள், பிறகு வாரைப் பூட்டாமல் மூக்கில் வையுங்கள், வானொலி கேட்டுக்கொண்டே அணியுங்கள் என்று படிப்படியாகக் கற்றுக் கொடுத்தார். பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு அவரது பொறுமை வியப்பளித்தது.

மூச்சு சீராயிற்று, கனவு நிற்கவில்லை. கனவுக்குக் கருவி இல்லை. கேட்கும் செவிதான் வேண்டும். ரிவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1901-02-இல் நீலகிரியில் தோடர்களிடையே இருந்து அவர்கள் வாழ்வைக் கேட்டறிந்து 1906-இல் நூல் வெளியிட்டவர். நம் ஹவில்தார் பயிற்சி பெற்ற வெல்லிங்டனும் அம்மலையிலேயே உள்ளது. அதே ரிவர்ஸ் 1916-17-இல் எடின்பரோ அருகே, முதல் உலகப்போரில் மனம் நொந்த அதிகாரிகளின் கனவுகளைக் கேட்டார். மறந்துவிடு என்று பிறர் சொல்லி அனுப்பியவர்களின் பகல் மறதி இரவில் பழி தீர்த்ததை அவர் கண்டார். குண்டில் சிதைந்த நண்பனின் உடலைக் கண்ட ஒருவரிடம், அச்சிதைவே அவன் வேதனையின்றி நொடியில் இறந்ததற்குச் சான்று என்று எடுத்துரைத்தார். அடுத்து வந்த கனவில் நண்பனின் அருகே அவரால் மண்டியிட முடிந்தது. அச்சம் போய் வெறும் துயரமே எஞ்சிற்று.

இன்று இதற்கு முறையான பயிற்சி உண்டு. நீடித்த உறக்கமின்மைக்கு மாத்திரையை விடப் பேச்சு வழிச் சிகிச்சையையே முதலில் அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவுறுத்திற்று. உறக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிடில் எழுந்துவிடுவது, எழும் வேளையை மாற்றாதிருப்பது என எளிய விதிகளே அவை. சில வாரங்கள் ஒருவர் கூட இருந்து நடத்த வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை தன் மனநலப் பணியாளர்களுக்கு இதனை நாடு தழுவிக் கற்பித்தது.

நாம் வேண்டுவதும் அதுவே. கருவியை எந்நாட்டிலிருந்தும் வருவிக்கலாம். கேட்கும் செவியை வருவிக்க முடியாது. தமிழில் வந்த கனவைத் தமிழில்தான் சொல்ல இயலும். உளவியல் பயிலும் நம் பிள்ளைகள் இத்துறையை எண்ணிப் பார்ப்பார்களாக. மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள், கல்வி உதவியோடும் ஓய்வூதியத்தோடும் இதனையும் தம் கடமையாகக் கொள்ளட்டும். அதுவரை, திண்ணையில் விழித்திருப்பவரைக் காணும் அண்டை வீட்டார், “என்ன அண்ணே, சீக்கிரம் எழுந்துட்டீங்களா?” என்பதை விடுத்து, “ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேட்கலாம். அதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.