கைமாறாத வாக்கு

மைசூரை ஒட்டிய கிராமத்தில் எங்கள் தோட்டத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் முள்கம்பி வேலி மூன்றடி வந்திருந்தது. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வாய்ப்பேச்சிலேயே அனுமதித்திருந்தோம். அவர் வீட்டை விற்க முன்பணம் வாங்கிய பிறகுதான் கவலை வந்தது. வீடு கைமாறும், வாக்கு கைமாறுமா?

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டுகள் வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்தவர் அதற்கே உரிமை கோரலாம். அவரே வழக்குப் போடலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அனுமதியோடு அனுபவிப்பவருக்கு அந்த உரிமை வராது. ஆனால் எங்கள் அனுமதிக்கு எழுத்து எதுவும் இல்லையே!

வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னாள் மனைவி. நான் நில அளவைத் துறையில் 'ஹத்துபஸ்து' கேட்டு விண்ணப்பித்தேன். எல்லையை அளந்து காட்டுவதற்குக் கர்நாடகத்தில் அதுதான் பெயர். பக்கத்து நிலக்காரருக்கும் நோட்டீஸ் போகும்.

"வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே சார்" என்றார் அவர். "வாங்குகிறவரையும் கூப்பிடுங்கள். பின்னால் தெரிந்தால் உங்களைத்தான் பிடிப்பார்" என்றேன். வாங்குபவரால் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்.

மூவரும் நிற்க, சர்வேயர் அளந்தார். வாங்குபவர் கொஞ்சம் விலையைக் குறைத்துக்கொண்டார். வேலி நகர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சொல்லிக்கொள்ளாமலே ஊரைவிட்டுப் போனார். நிலம் மிஞ்சியது. ஆனாலும் பத்திரம் பதிவாகும் முன்பே அளந்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் சொல்வேன். அதன்பின் அளப்பது நீதிமன்றம்.